இதயத் தமனி தடம் மாறியிருக்கிறதா? எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோ: எதை எப்போது எடுப்பது

பள்ளியில் படிக்கும் பையன் ஓட்டப் பயிற்சியில் மயங்கி விழுகிறான். இ.சி.ஜி. நார்மல். எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுப்பது) ரிப்போர்ட்டில் மட்டும் "இடது கரோனரி தமனியின் தொடக்கம் தெளிவாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. கரோனரி என்பது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனி. ஒரு டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் நேராக ஆஞ்சியோவே (கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே இதயம் வரை அனுப்பிப் படமெடுப்பது) செய்துவிடலாம் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு என்கிறார். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனியின் அடியில் மூன்று சிறு குழிவுகள் உண்டு. வலது குழிவிலிருந்து வலது கரோனரியும் இடது குழிவிலிருந்து இடது கரோனரியும் கிளம்ப வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இது மாறியிருக்கும். இடது தமனி வலது குழிவிலிருந்து கிளம்பலாம், இரண்டும் ஒரே வாயிலிருந்து வரலாம், அரிதாக நுரையீரல் தமனியிலிருந்தே ஒன்று முளைக்கலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஆஞ்சியோ செய்த 1,26,595 பேரின் படங்களை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், 1,686 பேருக்கு, அதாவது 1.3 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தீங்கு செய்யாத வகை. இந்த விவரத்தை நான் வேண்டுமென்றே முதலில் வைக்கிறேன். "பிறவிக் கோளாறு" என்று கேட்டதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அப்படி உட்கார அவசியமில்லை.

மிச்சமுள்ள ஒரு பங்குதான் கவலை. தவறான குழிவிலிருந்து கிளம்பிய தமனி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையில் புகுந்து போனால், கடுமையாக ஓடும்போது இதயத் தசைக்கு ரத்தம் குறையலாம். பல நேரம் அந்தத் தமனி மகாதமனியின் சுவருக்குள்ளேயே சில மில்லிமீட்டர் தூரம் ஊர்ந்துவிட்டு வெளியே வரும். அதன் வாயும் வட்டமாக இல்லாமல் கீறல் போல ஒடுங்கியிருக்கும். அமெரிக்காவில் 1980 முதல் 2006 வரை திடீரென இறந்த இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வில், இதயக் காரணம் உறுதியான மரணங்களில் 17 சதவீதம் கரோனரி அமைப்பு மாற்றத்தால் வந்தவை. இதயத் தசைத் தடிப்பு நோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். கூடைப்பந்து வீரர் பீட் மரவிச் பத்து சீசன் தொழில்முறையாக ஆடி ஓய்வு பெற்றவர். 1988 ஜனவரியில், 40 வயதில், நண்பர்களோடு சாதாரணமாக ஒரு ஆட்டம் ஆடும்போது சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது கரோனரி தமனியே இல்லை என்பது தெரிந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

மாரடைப்புக்குப் பழகிய நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி "அடைப்பு எத்தனை சதவீதம்?" என்பது. இங்கே கேட்க வேண்டியது வேறு. தமனி எங்கே தொடங்குகிறது? எந்த வழியாகப் போகிறது? அதன் முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது? ஒரு பரிசோதனை இந்த மூன்றையும் காட்டுமா என்பதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, தொடக்கப் பகுதியின் நுணுக்கம். வாய் ஒடுங்கியிருக்கிறதா, சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது, எவ்வளவு கூர்மையான கோணத்தில் கிளம்புகிறது என்பதை எல்லாம் பார்த்துத்தான் அறுவைசிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள்.

மூன்றாவது, உடம்பு கொடுக்கும் விலை. கதிர்வீச்சு, அயோடின் கலந்த சாய மருந்து, குழந்தைக்கு மயக்க மருந்து, ரத்தக்குழாயில் துளை இதெல்லாம் அதில் சேரும். பணச் செலவை நான்காவதாக வைக்கிறேன். பொதுவாக எக்கோதான் மலிவு. மற்ற மூன்றின் கட்டணமும் ஊருக்கு ஊர், மையத்துக்கு மையம் மாறுகிறது. கட்டணப் பட்டியலில் தெரியாத செலவுகள்தான் குடும்பங்களை அடிக்கின்றன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. யார் எடுக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்பதும் ஓர் அளவுகோல். இந்த விஷயத்தில் அதை மிக முக்கியமாக நினைக்கிறேன்.

| | எக்கோ | சி.டி. ஆஞ்சியோ | எம்.ஆர்.ஐ. | கத்தீட்டர் ஆஞ்சியோ |
|---|---|---|---|---|
| தொடக்கம் தெரியுமா | குழந்தைகளில் பெரும்பாலும். பெரியவர்களில் பல நேரம் இல்லை | மிகத் தெளிவாக | தெளிவாக | தெரியும், தேட வேண்டியிருக்கும் |
| போகும் வழி | ஓரளவு | மிகத் தெளிவாக | தொடக்கப் பகுதி வரை நன்றாக | ஊகம்தான் |
| எவ்வளவு நுணுக்கம் | படம் கிடைப்பதைப் பொறுத்தது | சுமார் 0.5 மி.மீ. | சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் | சுமார் 0.2 மி.மீ., குழாயின் உள்பகுதி மட்டும் |
| கதிர்வீச்சு | இல்லை | புதிய கருவியில் பெரும்பாலும் 1–5 மில்லிசீவர்ட் | இல்லை | பெரும்பாலும் 5-ஐ ஒட்டி, தேடல் நீண்டால் கூடும் |
| சாய மருந்து | இல்லை | உண்டு | தொடக்கத்தைப் பார்க்க மட்டும் என்றால் அவசியமில்லை | உண்டு |

கதிர்வீச்சு எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு மனிதர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரியே ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட்.

## எக்கோ

தொடங்க வேண்டிய இடம் இதுதான், வயது எதுவானாலும் சரி. வலியில்லை, ஊசியில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். கைக்குழந்தைகளுக்கு மார்புச் சுவர் மெல்லியது என்பதால் இரண்டு தமனிகளின் தொடக்கமும் பெரும்பாலும் நன்றாகத் தெரிந்துவிடும். பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் பால் குடிக்கும்போது வியர்த்து, மூச்சு வாங்கி, அழுது சோர்கிற குழந்தைக்கு இடது கரோனரி நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருக்கலாம். இது சுமார் 3 லட்சம் பிறப்பில் ஒன்று. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்த நாளைத் தாண்டுவதில்லை. இதைக் கண்டுபிடிப்பதில் எக்கோவுக்கு இணை இல்லை. ரத்தம் ஓடும் திசையை நிறத்தால் காட்டும் வண்ண டாப்ளரில் இடது தமனிக்குள் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதும், வலது தமனி வழக்கத்தைவிடப் பருத்திருப்பதும் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். இதய உறைக்குள் இருக்கும் ஒரு மடிப்பு, சில கோணங்களில் இடது தமனி மகாதமனியோடு ஒழுங்காக இணைந்திருப்பது போலவே தோன்றி ஏமாற்றும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சாம்பல் நிறப் படத்தோடு நிறுத்தாமல், டாப்ளரின் வேக அளவைக் குறைத்து வைத்து ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்ப்பார்கள்.

பெரியவர்களில் நிலைமை வேறு. விலா எலும்பும் நுரையீரலும் மறைக்கின்றன, உடல் பருமன் இருந்தால் இன்னும் மோசம். வழக்கமான எக்கோ இதயத்தின் பம்ப் வேலையையும் வால்வுகளையும் பார்க்க எடுப்பது. கரோனரி வாய்களை யாராவது கேட்டால்தான் தேடுவார்கள். "எக்கோ நார்மல்" என்ற ரிப்போர்ட்டில் கரோனரி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், அவை நார்மல் என்று அர்த்தமில்லை. பார்க்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் எக்கோவின் மறைமுகச் செலவு. மலிவாக எடுத்த ரிப்போர்ட் தரும் பொய்யான நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடும். எக்கோவுக்கு எழுதித் தரும் சீட்டிலேயே "இரண்டு கரோனரிகளின் தொடக்கத்தையும் பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

## சி.டி. ஆஞ்சியோ

வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கை நரம்பில் சாய மருந்தைச் செலுத்தி, இதயத் துடிப்போடு ஒத்திசைத்து, சில நொடி மூச்சை அடக்கச் சொல்லி எடுப்பார்கள். தமனி மட்டுமல்ல, மகாதமனி, நுரையீரல் தமனி, இதயத் தசை எல்லாமே ஒரே படத்தில் முப்பரிமாணமாகக் கிடைக்கும். எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம். தமனி இரண்டு பெருங்குழாய்களுக்கு நடுவே போகிறதா, மகாதமனிக்குப் பின்னால் போகிறதா, நுரையீரல் தமனிக்கு முன்னால் சுற்றுகிறதா, இதயத் தடுப்புச் சுவருக்குள் இறங்கிப் போகிறதா என்ற நான்கையும் பிரித்துச் சொல்லிவிடலாம். நோயாளியின் தலையெழுத்தே இந்த நான்கில் எது என்பதில்தான் இருக்கிறது. முதல் வழிதான் பயப்பட வைப்பது. மற்ற மூன்றும் பெரும்பாலும் சாது. மகாதமனியின் உள்ளே நின்று தமனியின் வாயைப் பார்ப்பது போன்ற காட்சியையும் கணினியில் உருவாக்கலாம். வாய் வட்டமா, கீறலா என்பது அதில் தெரியும்.

இதயத் துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கும். நிமிடத்துக்கு 60–65-க்குக் கீழே கொண்டுவர பீட்டா பிளாக்கர் என்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தமனி விரிய நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தருவார்கள். சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை எடுத்தவர்கள் கூச்சப்படாமல் அதைச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் சாய மருந்துக்குப் போக வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம் வயதினருக்கு எடுக்கும்போது இன்னொன்றும் கேட்கலாம். சி.டி. மையங்களில் பழக்கத்தின்படி முதலில் கால்சியம் அளவிடும் ஒரு ஸ்கேனும் பிறகு ஆஞ்சியோவும் எடுப்பதுண்டு. பதினைந்து வயதுப் பையனின் தமனியில் கால்சியத்தைத் தேட வேண்டிய காரணமில்லை. அந்த முதல் ஸ்கேனை விட்டுவிட்டால் அந்த அளவுக்குக் கதிர்வீச்சு மிச்சம். தொடக்கத்தையும் வழியையும் பார்ப்பதே நோக்கம் என்பது ரேடியாலஜிஸ்டுக்குத் தெரிந்தால் அவரே அதற்கேற்ப அமைப்பார். தெரியாவிட்டால் மாரடைப்புச் சந்தேகத்துக்கு எடுக்கும் அதே முறையில்தான் எடுப்பார்.

கருவியின் வயதும் முக்கியம். கதிரைப் பதிவு செய்யும் உணரிகள் 64 வரிசைக்குக் கீழுள்ள பழைய கருவியில் இதற்காகப் படுக்காதீர்கள். கைக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 130, 140 என்று துடிக்கும். அதைப் பிடிக்க இரண்டு எக்ஸ்-ரே குழல்கள் உள்ள கருவியோ, ஒரே சுற்றில் முழு இதயத்தையும் எடுக்கும் அகலமான கருவியோ வேண்டும். அவை உள்ள மையத்துக்கு ஒரு பயணம் போவது வீண் அலைச்சல் ஆகாது.

சி.டி.யின் மறைமுகச் செலவு, தேடாதது கிடைப்பது. தமனி சற்று தூரம் இதயத் தசைக்குள் மூழ்கிப் போகும் "மயோகார்டியல் பிரிட்ஜ்" என்ற அமைப்பு சி.டி.யில் சுமார் நான்கில் ஒருவருக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றுமே செய்யாது. ஆனால் அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் வந்துவிட்டால், அதைப் பற்றி விசாரிக்கவே குடும்பம் இரண்டு மூன்று டாக்டர்களிடம் அலையும்.

## எம்.ஆர்.ஐ.

கதிர்வீச்சு இல்லாமல் தமனியின் தொடக்கத்தையும் ஆரம்ப வழியையும் காட்டும். தசையில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருக்கிறதா, உழைப்பின்போது எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்பதையும் அதே அமர்வில் பார்க்க முடியும் என்பது இதன் பெரிய பலம். அதற்கு மட்டும் கடோலினியம் என்ற வேறு வகை மருந்தைச் செலுத்துவார்கள். திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டிய சிறுமிக்கு, இளம்பெண்ணுக்கு, அயோடின் ஒவ்வாமை உள்ளவருக்கு இதுவே நல்ல தேர்வு.

சங்கடம் நேரத்தில்தான். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். சிறு குழந்தைகளால் அது முடியாது, மயக்க மருந்து கொடுக்க வேண்டும். "கதிர்வீச்சு வேண்டாம்" என்று எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இந்த மாற்றுவிலையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேர மயக்க மருந்தா, சில நொடி சி.டி.யா என்று கேட்டால், நல்ல கருவி இருக்கும் இடத்தில் நான் சி.டி. பக்கம்தான் நிற்பேன். தவிர, எம்.ஆர்.ஐ. கருவி உள்ள எல்லா மையமும் கரோனரி எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை. மூளையும் முதுகெலும்பும் தினமும் எடுக்கும் இடத்தில் இதயம் எப்போதாவதுதான் வரும். பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

## கத்தீட்டர் ஆஞ்சியோ

இதயத் தமனிக்குள் நேராகச் சாயம் செலுத்திப் படமெடுப்பது 1958-ல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற இதய டாக்டர் கையில் தற்செயலாகத் தொடங்கியது. மகாதமனிக்குள் செலுத்த வைத்திருந்த குழாய் வலது கரோனரிக்குள் நழுவிவிட்டது. அங்கிருந்து வளர்ந்த இந்த முறைதான் அடைப்பு விஷயத்தில் இன்றும் கடைசி வார்த்தை. அதனால் "எல்லாவற்றுக்கும் மேலான பரிசோதனை" என்ற மரியாதை இதற்குத் தானாக ஒட்டிக்கொண்டது. தடம் மாறிய தமனி விஷயத்தில் அந்த மரியாதையைக் கொஞ்சம் குறைக்கலாம்.

காரணம் எளிது. இந்தப் படம் தோல்பாவைக் கூத்தின் திரை மாதிரி. நிழல் துல்லியமாக விழும், ஆனால் எந்தப் பாவை முன்னால், எது பின்னால் என்று திரையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சாயம் நிரம்பிய குழாயின் உள்பகுதி மட்டுமே தெரிகிறது. பக்கத்தில் நுரையீரல் தமனி எங்கே இருக்கிறது, தமனி சுவருக்குள் ஓடுகிறதா என்பது தெரியாது. பல கோணத்தில் எடுத்து ஊகிக்கிறார்கள். தேர்ந்தவர்கள் சரியாகவே ஊகிப்பார்கள், இருந்தாலும் பெரும்பாலும் உறுதிப்படுத்த சி.டி.க்கு அனுப்ப வேண்டிவரும்.

வழக்கமான இடத்தில் வாய் இல்லாததால் கத்தீட்டர்களை மாற்றி மாற்றித் தேடுவார்கள். நேரமும் கதிர்வீச்சும் சாயமும் கூடும். கடைசியில் வாயே கிடைக்காமல், அந்தத் தமனி முழுதாக அடைத்திருப்பதாகத் தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. பெரிய சிக்கல்கள் அரிது. ஆனாலும் ரத்தக்கசிவு, தமனிக் கிழிசல், பக்கவாதம் என்ற பட்டியல் இதற்கு உண்டு, மற்ற மூன்றுக்கும் இல்லை.

அப்படியானால் எப்போது இதுவே சரி? மாரடைப்போடு வந்தவருக்கு, ஒப்பீடு பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 55 வயதில் நெஞ்சு வலி, சர்க்கரை, புகைப்பழக்கம் என்று அடைப்புக்கான எல்லாக் காரணமும் உள்ளவருக்கும் இது பொருந்தும். தமனிக்கும் இதய அறைக்கும் நடுவே பிறவி இணைப்பு இருந்து அதை அதே மேசையில் அடைக்கப் போகிறார்கள் என்றாலும் சரி. இன்னொரு முக்கியமான இடம், சி.டி.யில் மாற்றம் உறுதியான பிறகு தமனிக்குள் நுண் அல்ட்ராசவுண்ட் கருவியை அனுப்பி, சுவருக்குள் ஓடும் பகுதி ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு நசுங்குகிறது என்று அளப்பது. டோபுடமின் மருந்து கொடுத்து இதயத்தை வேகமாக ஓடவிட்டு அழுத்த வேறுபாட்டையும் அளப்பார்கள். வேறு எதனாலும் இவ்வளவு நேரடியாகச் சொல்ல முடியாது.

## டிரெட்மில் நார்மல் என்றால்?

டிரெட்மில் என்பது ஓட வைத்து இ.சி.ஜி. பார்க்கும் பரிசோதனை, படமெடுப்பதல்ல. ஆனாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருப்பதால் சொல்கிறேன். தவறான குழிவிலிருந்து கிளம்பிய தமனியால் இறந்த 27 இளம் வீரர்களைப் பற்றி 2000-ல் வந்த ஓர் ஆய்வில், உயிரோடு இருந்தபோது இ.சி.ஜி. எடுத்திருந்த ஒன்பது பேருக்கும் அது நார்மல். உச்ச வேக உழைப்புப் பரிசோதனை செய்திருந்த ஆறு பேருக்கும் அதுவும் நார்மல். ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்த இளம் வயதினருக்கு, டிரெட்மில் நார்மல் என்பதால் தமனித் தொடக்கத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

## யாருக்கு எதில் தொடங்குவது

கைக்குழந்தை என்றால் குழந்தைகள் இதய நிபுணரிடம் எக்கோ. அதில் சந்தேகம் மீந்தால் தாமதிக்காமல் சி.டி., அல்லது கத்தீட்டர்.

விளையாட்டில் மயங்கிய பிள்ளைக்கு எக்கோவில் இரண்டு வாயும் ஐயமறத் தெரிந்தால் சரி, மயக்கத்துக்கு வேறு காரணம் தேடலாம். தெரியாவிட்டால் சி.டி. ரிப்போர்ட் வரும்வரை கடும் பயிற்சி வேண்டாம். போட்டி அடுத்த வாரம் என்றாலும் வேண்டாம். இதில் நான் சமரசமே சொல்ல மாட்டேன்.

ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதய நோய்க்கு அறுவைசிகிச்சை செய்யவிருக்கும் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஒரு பெரிய கரோனரிக் கிளை, சர்ஜன் வெட்ட வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஓடும். எக்கோவில் அது தெளியாவிட்டால் சி.டி. எடுத்துவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும்.

அறுபது வயதில், வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியவந்தவர்கள் பலர். ஆஞ்சியோவில் தெரிந்திருந்தால் வழியை உறுதிப்படுத்த ஒரு சி.டி. போதும். இத்தனை வருடம் தொந்தரவு தராத தமனி இனித் தரும் வாய்ப்பு குறைவு. மகாதமனிக்குப் பின்னால் போகும் கிளை என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. பின்னாளில் வால்வு மாற்ற நேர்ந்தால் சர்ஜனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

## படம் எடுத்த பிறகு

ஆபத்தான வழி என்று உறுதியானால் அடுத்த கேள்வி, ரத்தம் உண்மையில் குறைகிறதா என்பது. அதற்கு உழைப்பு எக்கோ, டோபுடமின் எம்.ஆர்.ஐ., அணுக்கதிர் ஸ்கேன் போன்றவை உண்டு. இடது தமனி வலது குழிவிலிருந்து கிளம்பி நடுவே புகுந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அறுவைசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். வலது தமனி இடது குழிவிலிருந்து கிளம்பினால், அறிகுறியும் ரத்தக் குறைவும் இல்லாதவரைக் கண்காணிப்பில் வைப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். அமெரிக்க இதய அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கையாள்கிறது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது தொடக்கம், வழி, வாயின் வடிவம், சுவருக்குள் ஓடும் நீளம் ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே படத்திலிருந்து எழுதலாம், மறுபடி எடுக்க வேண்டியதில்லை. அப்புறம், அச்சிட்ட பிலிமோடு திரும்பிவிடாதீர்கள். அதில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். முழுப் படத்தொகுதியையும் டிஸ்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வேறு ஊர் சர்ஜனிடம் இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அவர் தன் கணினியில் தமனியைத் திருப்பிப் பார்க்க அதுதான் வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு முறை சாய மருந்து, இன்னொரு முறை கதிர்வீச்சு, இன்னொரு பில்.